மாடியில் மிளகாய், தண்ணீரில் உப்பு

வீட்டுத்தோட்டத்து மிளகாயைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் இலைச்சுருட்டலும் பூ உதிர்தலுமே திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தன. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, எங்கள் தோட்டக்கலைப் பகுதியை எழுதி வருபவர் இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம்பி ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தில்தான் மிளகாய் விதைக்கிறேன். செடி நன்றாக வளர்ந்து பூக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. இலைகள் மஞ்சளாகி, வேர் அழுகி, செடிகள் சாய்ந்துவிடுகின்றன. எந்த மாதத்தில் விதைப்பது நல்லது?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பழமொழியில் பிழை இல்லை, அது வயலுக்குச் சொல்லப்பட்டது, மாடித் தொட்டிக்குச் சொல்லப்பட்டதன்று. மிளகாயின் நாள் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். விதைத்த 7 முதல் 10 நாள்களில் முளைக்கும். 35 முதல் 40 நாள் நாற்றாக இருக்கும். நட்ட ஏறத்தாழ 40 நாள்களில் பூக்கத் தொடங்கும். நட்டதிலிருந்து 60 அல்லது 75 நாள்களில் முதல் பச்சைக் காயைப் பறிக்கலாம். ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் ஆவணி நடுவில் நடுவீர்கள், புரட்டாசி இறுதியில் பூக்கும், காய் பிடிக்க வேண்டிய நேரமோ ஐப்பசியாக இருக்கும். நம் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2011 டிசம்பரில் வந்த தானே, 2020 நவம்பரில் வந்த நிவர், 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் ஆகிய மூன்று புயல்களும் புதுச்சேரிக்கு அருகிலேயே கரையைக் கடந்தன என்பதை நினைத்துக்கொண்டால், அந்த மாதங்களில் காயை எதிர்பார்த்து மாடியில் தொட்டி வைப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும். தானே புயல் வந்த இரவில் என் வீட்டு மாடியில் 14 தொட்டிகள் இருந்தன. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இருந்தால் காற்று அடிக்காது என்று நம்பி அங்கேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தபோது 3 தொட்டிகள் மட்டுமே நிமிர்ந்து நின்றன. அவற்றிலும் செடி இருந்தது ஒன்றில்தான்.

ஆகவே நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருவது கார்த்திகை விதைப்பு. கார்த்திகை தொடங்கியதும், மழைச்சாரல் படாத தாழ்வாரத்திலோ சன்னல் ஓரத்திலோ குழித்தட்டில் விதைத்துவிடுகிறேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போதே நாற்று உள்ளே வளர்ந்துவிடும். மார்கழி நடுவில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும்போது நாற்று நடவுக்கு ஆயத்தமாக இருக்கும். தை இறுதியில் பூ, மாசி இறுதியில் முதல் பறிப்பு, அதன்பிறகு சித்திரை முடிய வாரம் ஒரு முறை பறிப்பு என்று கணக்கு நேராக வந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் பூ உதிரத்தான் செய்யும். அப்போது 35 விழுக்காட்டு நிழல்வலையின் கீழ்ச் செடியை உயிரோடு காப்பாற்றினால் போதும், காயை எதிர்பார்க்க வேண்டாம். ஆனி மாதத்தில் ஒரு மழை விழுந்தவுடன் கிளைகளைப் பாதி உயரத்திற்குக் கவாத்து செய்து, ஒரு பிடி மண்புழு உரம் இட்டால், பருவமழைக்கு முன்பாக இன்னொரு சுற்றுக் காய் கிடைக்கும்.

தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் நீர் தேங்காது. கெடிலம், தென்பெண்ணை ஓரத்து வண்டல் களிமண்ணில் ஓரிரு நாள் நீர் நின்றாலும் மிளகாய் வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி வாடிவிடும். அத்தகைய மண்ணில் ஓர் அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைக்காமல் மிளகாய் நடவே கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். குழம்புக்கும் சட்டினிக்கும் போதுமான மிளகாய் வேண்டும். எந்த ரகத்தை வளர்க்கலாம், எத்தனை செடி வைக்கலாம்? பூத் ஜோலோக்கியா வளர்க்க என் மகனுக்கு ஆசை.
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஆறு செடிகள் போதும், பச்சை மிளகாயை விரும்பிச் சாப்பிடும் வீடாக இருந்தால் எட்டு. அதற்கு மேல் வைப்பவர்கள் பங்குனி மாதத்தில் காயைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆவணி மாதத்தில் கடையில் வாங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ரகத்தைப் பொறுத்தவரை நீங்கள் இருக்கும் இடம் வாய்ப்பானது. உங்கள் மாவட்டத்துப் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பி.எல்.ஆர். 1 என்னும் மிளகாய் ரகம் அந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அங்கு விதை இருப்பில் உள்ளதா என்று கேட்டுவிட்டு, பிறகு கடைப் பொட்டலத்தைத் தேடலாம். குழம்புக்கு நீட்டு மிளகாய் வேண்டுமானால் சம்பா வகை. தாளிப்புக்கும் மோர் மிளகாய்க்கும் குண்டு வகை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் இந்தக் குண்டு வகையைச் சேர்ந்ததுதான். மீன் குழம்பில் முழுதாகக் கிள்ளிப்போட ஏற்றது காந்தாரி எனப்படும் ஊசி மிளகாய். மேல்நோக்கி நிற்கும் சிறு காய்கள், கடுமையான காரம், அரை நிழலிலும் தாங்கும் குணம், இரண்டு மூன்று ஆண்டுகள் நிலைத்து நிற்கும் ஆயுள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால், ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் காந்தாரியைத்தான் சொல்வேன்.

பூத் ஜோலோக்கியா வடகிழக்கு மாநிலங்களுக்குரிய மிளகாய். 10 இலட்சம் ஸ்கோவில் அலகைக் கடந்ததற்காக 2007-இல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. (மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்துக் கரைத்து, எத்தனை மடங்கு கரைத்தபின் நாக்கு காரத்தை உணரவில்லை என்று எண்ணியதுதான் 1912-இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அந்த அளவு.) இதன் விதை முளைக்க மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகலாம், காய்க்கவும் நம் மிளகாயைவிடக் கூடுதலான மாதங்கள் எடுக்கும். நம் கோடையின் வெப்பமான இரவுகளில் இதன் பூ மிகுதியாக உதிரும். மகன் ஆசைப்பட்டால் ஒரு செடி வைக்கட்டும். ஆனால் பறிக்கும்போது கையுறை அணிய வேண்டும், அந்தக் காய் அடுக்களையின் பொதுக் கூடைக்குள் வரவே கூடாது.

கேள்வி: மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த மிளகாயின் விதையைப் போட்டால் முளைக்குமா?
— வாசகி, வில்லியனூர்

பதில்: வெயிலில் காய்ந்த வற்றலாக இருந்தால் பெரும்பாலும் முளைக்கும். பழையதாகவோ எந்திர உலர்த்தியில் மிகுந்த சூட்டில் காய்ந்ததாகவோ இருந்தால் முளைப்பது குறைவு. வற்றல் வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் முளைத்த செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்கும். பணச்செலவில்லாத முயற்சியாகையால் ஈரத்துணியில் 10 விதைகளை மடித்து வைத்துப் பாருங்கள். 10 நாளில் 6 கூட முளைவிடவில்லை என்றால் அந்த வற்றலைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு. ஆழ்துளைக் கிணற்று நீர்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது; மிளகாய் இலைகளின் நுனி கருகுகிறது; செடி குட்டையாகவே நிற்கிறது. எத்தனை உரம் போட்டும் பயனில்லை.
— வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: உரத்தை முதலில் நிறுத்துங்கள். உங்கள் செடிக்குப் பசி இல்லை, தாகம். நீர் நிறைய இருந்தும் தாகம், ஏனென்றால் அந்த நீரில் உப்பு இருக்கிறது. வேருக்கு வெளியே உப்பு மிகுந்தால், மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. நீங்கள் இடும் இரசாயன உரமும் ஓர் உப்புதான் என்பதால், ஒவ்வொரு பிடி உரமும் தாகத்தை இன்னும் கூட்டுகிறது.

உப்பைத் தாங்குவதில் மிளகாய் சற்றே மென்மையான பயிர். மண்ணின் மின்கடத்தும் திறன் (மண்ணில் உப்பு கூடக் கூட இந்த அளவும் கூடும்) மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். தென்னையும் சவுக்கும் உங்கள் தெருவில் செழித்து நிற்கின்றன என்பதை வைத்து மிளகாயும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. குடிநீர் வடிகட்டியைச் சரிபார்க்கப் பயன்படும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் கிணற்று நீரில் நனைத்துப் பாருங்கள். 600-க்குள் காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. 1,000-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தனியாக ஊற்றாமல் நல்ல நீரோடு கலந்து ஊற்ற வேண்டும். மண்ணையும் நீரையும் முறையாகச் சோதிக்க விரும்புபவர்கள் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திலும், புதுச்சேரியில் குரும்பாப்பேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

நல்ல நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் கரையில் மூன்று மாதம் வானம் இலவசமாகத் தருகிறது. அதை ஓடவிட்டுவிட்டுச் சித்திரையில் உப்பு நீரை ஊற்றுகிறோம். 200 லிட்டர் பீப்பாய் இரண்டை மாடிக் குழாயின் கீழ் வைத்து, கொசு நுழையாதபடி மூடியிட்டால், ஆறு தொட்டிகளுக்குக் கலவை நீராகப் பல வாரங்களுக்கு வரும். ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் கிட்டத்தட்ட மழைநீரைப் போல உப்பற்றது. என் வீட்டில் ஓர் அறையின் எந்திரம் கோடை இரவில் ஒரு வாளியை நிரப்பிவிடுகிறது. ஆனால் ஆர்.ஓ. வடிகட்டி வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஒருபோதும் செடிக்கு ஊற்றாதீர்கள். நீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். உள்ளே போன நீரின் உப்பெல்லாம் செறிந்து வெளியேறுவது அதில்தான்.

இப்போது இருக்கும் தொட்டிகளைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. விளிம்பில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். தொட்டியின் கீழ் வைத்திருக்கும் தட்டை எடுத்துவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் வடிந்த உப்பு நீரைத் தொட்டி மறுபடியும் மேலே இழுத்துக்கொள்ளும். அதன்பின் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு அடித்துளை வழியே சிறிது வடியும்வரை ஊற்றுங்கள். மேலே காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பினால் நீர் ஆவியாவது குறையும். ஆவியாவது குறைந்தால் மேலே உப்பு ஏறுவதும் குறையும்.

தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கிறது. கட்டியாக வாங்கும் நார்க்கழிவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் பழுப்பு வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண் கலவையில் சேர்க்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு ஆகியவை சேர்ந்த கலவை போதும். ஆற்று மணல் என்று கடற்கரை மணலைச் சேர்த்துவிட்டவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவருக்கும் இதே விடைதான், கூடுதலாக ஒரு வருத்தத்துடன்.

கேள்வி: மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டுவிட்டன. வேப்ப எண்ணெய் அடித்தேன், மோர் தெளித்தேன், கடைக்காரர் கொடுத்த மருந்தையும் அடித்தேன். குணமாகவில்லை. என்ன நோய்?
— வாசகி, இலாசுப்பேட்டை, புதுச்சேரி. இதே கேள்வியுடன் பண்ருட்டி, அரியாங்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வாசகர்கள்

பதில்: சுருண்டது என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் சுருண்டது என்று ஒருவரும் எழுதவில்லை. விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, தோணி போலக் குழிந்திருந்தால் அது இலைப்பேனின் வேலை. இலையின் அடிப்புறம் வெள்ளி போல மினுங்கும். தொட்டால் முறுமுறுவென்று ஒடியும். நுனிக் கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பார்த்தால் நூல் துணுக்கு போன்ற மெல்லிய பூச்சிகள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். இதற்கு மாறாக, ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணி போல இலை நீண்டு குறுகி, காம்பு வழக்கத்தைவிட நீண்டு தொங்கினால் அது மஞ்சள் சிலந்தி. இந்தச் சிலந்தி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பூச்சியே இல்லை, பிறகு ஏன் சுருள்கிறது என்று குழம்புகிறோம். மூன்றாவது வகையில் இலைகள் சிறுத்து, நரம்புகள் தடித்து, கணுக்கள் நெருங்கி, செடி முழுவதுமே முடங்கிப்போய் நிற்கும். அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி (வைரஸ்) நோய்.

இலைப்பேனுக்கு, தண்ணீரைக் குழாயால் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுவதே முதல் மருந்து. இரண்டு நாளுக்கு ஒரு முறை காலையில் செய்தால் பாதிக்குப் பாதி குறையும். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் அது நீரில் கலக்கச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒரு முறை மூன்று வாரம் தெளிக்க வேண்டும். வேப்பங்கொட்டை கிடைப்பவர்கள் 50 கிராமை இடித்து, ஓர் இரவு ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றைத் தெளிக்கலாம். கடையில் வாங்கும் எண்ணெயைவிட இதன்மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். நீல நிற ஒட்டுப்பொறி இலைப்பேனையும், மஞ்சள் நிறப் பொறி வெள்ளை ஈயையும் அசுவினியையும் ஈர்க்கும்.

மஞ்சள் சிலந்திக்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வெயில் 35 பாகையைத் தாண்டும் நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்ப எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் தெளித்தாலும் கருகும். பூச்சிக்கொல்லி என்று வாங்கும் மருந்துகள் பலவற்றுக்கு இந்தச் சிலந்தி சாகாது, ஏனென்றால் அது பூச்சி இனமே அன்று. மருந்துக்கு இரையாவது அதைத் தின்று வாழும் நல்ல பூச்சிகள்தான். கடைக்காரர் கொடுத்த மருந்து வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நச்சுயிரி நோய்க்கு மருந்து இல்லை. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கி, ஒரு பையில் போட்டுக் கட்டி, குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். ஒரு செடியின்மீது இரக்கப்பட்டு ஐந்து செடிகளை இழந்தவர்களின் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. புதிதாக வாங்கும் நாற்றைப் பத்து நாள் தனியே வைத்திருந்து பார்த்த பிறகு மற்றத் தொட்டிகளோடு சேர்ப்பது நல்லது. பீடி, சிகரெட் பிடித்த கையால் செடியைத் தொடக் கூடாது என்பதும் மூடநம்பிக்கை அன்று. புகையிலைத் தேமல் நச்சுயிரி கையோடு வந்து மிளகாயில் தொற்றக்கூடியது.

மோரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மேற்சொன்ன மூன்றில் எதையும் அது தீர்த்து நான் கண்டதில்லை.

கேள்வி: பூ நிறையப் பூக்கிறது, மறுநாள் காலையில் எல்லாம் தரையில் கிடக்கிறது. தேமோர் கரைசல் தெளிக்கலாமா?
— வாசகர், பாகூர்

பதில்: கடிதத்தில் மே மாதம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பகலில் 35 பாகைக்கு மேலும், இரவிலும் குளிராமல் புழுக்கமாகவும் இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு உதிரும். இதற்கு எந்தக் கரைசலும் மாற்று இல்லை. நிழல்வலை கட்டிவிட்டுக் காத்திருங்கள்.

மாசி, பங்குனியில் உதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். ஒரு நாள் நீர் ஊற்றாமல் காயவிட்டு, மறுநாள் மூழ்கடிப்பது ஒன்று. தழைச்சத்து மிகுந்து செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்பது இன்னொன்று. கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றுபவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். காற்று வராத மூலையில் இருந்தால், பூத்த கிளையைக் காலையில் விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் அந்த அசைவே போதும். தேமோர் தெளிக்கலாம். தேங்காய்ப்பாலையும் புளித்த மோரையும் சம அளவில் கலந்து ஒரு வாரம் நொதிக்கவிட்டு, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் தெளிப்பது வழக்கம். வயலில் பயிரிடுபவர்கள் நாப்தலின் அசிடிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியை நட்ட 60-ஆம், 90-ஆம் நாள்களில் பத்து இலட்சத்தில் 10 பங்கு என்ற மிகக் குறைந்த செறிவில் தெளிப்பதுண்டு. ஆறு தொட்டிக்கு அது வேண்டியதில்லை. அளவு சற்றுக் கூடினால் பயன் எதிராகிவிடும்.

கேள்வி: குடைமிளகாய்ச் செடியின் பக்கத்தில் காந்தாரி வைத்திருக்கிறேன். குடைமிளகாய் காரமாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாமியார் சொன்னது பாதி உண்மை, அடுத்த தலைமுறைக்குப் பொருந்தும். மிளகாயின் காரம் விதையில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் காப்சைசின் என்னும் அந்தக் காரப்பொருள் உண்டாவது, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் தசையில்தான். விதை அதன் அருகில் இருப்பதால் காரம் பூசிக்கொள்கிறது. அந்தத் தசையும் காயின் சதையும் தாய்ச்செடியின் உடம்பைச் சேர்ந்தவை. ஆகவே எந்தச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும், இந்த ஆண்டு உங்கள் செடியில் காய்க்கும் குடைமிளகாய் குடைமிளகாயாகவே இருக்கும். ஆனால் அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால், தேனீ இடையில் கலப்புச் செய்திருக்கக்கூடும். காரத்தன்மை, பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு என்பதால் கலப்புற்ற செடியின் காய் காரமாகத்தான் இருக்கும். காந்தாரியும் குடைமிளகாயும் வேறு வேறு இனமாகையால் அவை எளிதில் கலப்பதில்லை. சம்பாவோ குண்டோ பக்கத்தில் இருந்தால்தான் கவலை. விதை எடுக்க விரும்பினால், ஒரு கிளையைப் பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் கட்டி, அதில் பிடிக்கும் காயை மட்டும் பழுக்கவிட்டு எடுங்கள்.

கேள்வி: துறைமுகத்திலிருந்து மீன் கழிவு எளிதாகக் கிடைக்கிறது. அதை நேரடியாக மிளகாய்த் தொட்டியில் புதைக்கலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். நாறும், பூனை தோண்டும், அழுகும்போது உண்டாகும் சூடு வேரைத் தாக்கும். மீன் அமிலமாகச் செய்து பயன்படுத்துங்கள். உப்புப் போடாத மீன் கழிவும் அதே எடை நாட்டுவெல்லமும் சேர்த்துப் பிளாஸ்டிக் வாளியில் மூடி, நிழலில் மூன்று வாரத்திற்கு மேல் வைத்தால் தேன் போன்ற நீர்மம் பிரியும். அழுகல் நாற்றம் போய்ப் பழவாடை வருவதுதான் அடையாளம். வடிகட்டி, லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து 15 நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம். இது தழைச்சத்து மிகுந்தது. செடி பூக்கத் தொடங்கியதும் குறைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டுக் கழிவைச் சேர்க்கவே கூடாது. காரணம் தேவனாம்பட்டினத்து வாசகருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

கேள்வி: பழுத்த மிளகாயைக் கிளிகளும் மைனாக்களும் கொத்திக்கொண்டு போகின்றன. அவற்றுக்குக் காரமே தெரியாதா?
— எட்டாம் வகுப்பு மாணவர், குறிஞ்சிப்பாடி

பதில்: தெரியாது. நம் நாக்கில் சூட்டை உணரும் ஒரு புரதத்தைக் காப்சைசின் தூண்டுவதால்தான் நமக்கு எரிகிறது. பறவைகளிடம் உள்ள அதே வகைப் புரதம் காப்சைசினுக்கு அசைவதில்லை. விதையைக் கடித்து நொறுக்கும் எலியையும் அணிலையும் காரம் விரட்டுகிறது. விதையை விழுங்கித் தொலைவில் எச்சமிடும் பறவைகள் பல காரம் அறியாமலே மிளகாயைப் பரப்புகின்றன. மிளகாய் பிறந்த தென் அமெரிக்கக் காடுகளில் அதைப் பரப்பியவை அவைதாம். அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் ஏறி இங்கே வந்தது, அதுவரை காரத்துக்கு மிளகை நம்பியிருந்த நம் முன்னோர் அதற்கு மிளகின் பெயரையே சூட்டிவிட்டார்கள். உன் செடிக்கு ஒரு பழைய கொசுவலை போதும். ஒரு கிளையை மட்டும் வலைக்கு வெளியே விட்டுவிடு.

கேள்வி: மோர் மிளகாய்க்காக இரண்டு கிலோ குண்டு மிளகாயைக் கீறினேன். கை இரவு முழுவதும் எரிந்தது. தண்ணீரில் எத்தனை முறை கழுவியும் அடங்கவில்லை. என்ன செய்வது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: காப்சைசின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ கைகளில் நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, அதன்பின் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம். வெந்நீர் எரிச்சலைக் கூட்டும். வாய் எரிந்தால் தயிரோ பாலோ, நீர் உதவாது. கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் வைத்தியம் கூடாது; ஓடும் குழாய் நீரில் பல நிமிடம் கழுவி, எரிச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடுத்த முறை கீறுவதற்கு முன்பே கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சோடிக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாயை முழுவதும் கீற வேண்டியதும் இல்லை. காம்புக்கு அருகில் ஊசியால் இரண்டு துளையிட்டாலே உப்பும் மோரும் உள்ளே இறங்கிவிடும்.